படம் வராத டிஸ்க்

மஸ்கட்டில் செத்துப்போன தம்பி டென்னிஸின் அடக்கம், அவனோடு வேலை செய்தவர்கள் எடுத்து அனுப்பிய வீடியோவாக ஐடாவின் போனில் இருந்தது. அப்பா கொர்னேலியஸ் அதைப் போனில் பார்க்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"இம்மாந்தூண்டு கண்ணாடியிலயா எம்புள்ளயப் பாக்கறது? பொரை விழுந்த கண்ணும்மா எனக்கு. டி.வி.ல போடு."

சுரங்கத்தில் பாறை விழுந்து செத்தவனைக்கூட முகம் துடைத்து, வீட்டார் பார்த்த பிறகுதான் ஸ்கெலட்டன் லைன்கள் என்ற அந்தச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பெட்டியை மூடுவார்கள். கொர்னேலியஸுக்கு மகன் முகத்தை அப்படிப் பார்க்கக் கிடைக்கவில்லை. மாரடைப்பு, உடலை அனுப்ப மாசக்கணக்கில் இழுக்கும், இங்கேயே புதைத்துவிடலாமா என்று கம்பெனிக்காரன் போனில் கேட்டான். ஐடாதான் சரி என்றாள். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. முகத்தைப் பார்க்காமல் என்ன ஜெபம் என்று வீட்டுக்கு வந்த பாதிரியாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். சுரங்கத்தில் உழைத்த அப்பாவின் நுரையீரலைப் பாறைத்தூசி எப்போதோ தின்று முடித்திருந்தது. இந்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் ஐடாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதற்குள் அவருக்கு டென்னிஸைக் காட்டிவிட வேண்டும்.

வீட்டில் இருந்தது ஒரு டப்பா டி.வி., கூடவே ஒரு டி.வி.டி. பிளேயர். பென் டிரைவ் செருக ஓட்டைகூட இல்லாத ஜென்மம். ராபர்ட்சன்பேட்டையில் முன்பு கல்யாண டிஸ்க் போட்டுக்கொடுத்த கடையில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். டிஸ்க் போட வேண்டும் என்றதும் சிரித்தார்கள். உங்கள் வீட்டில் எழவு விழுந்தால் தெரியும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தவள், தான் வேலை பார்க்கும் பெங்களூர் ஆபீசில் ஒருத்தரிடம் டிஸ்க் எழுதும் கருவியை இரவல் வாங்கிவந்தாள்.

முதலில் போனில் இருந்ததை அப்படியே டிஸ்க்கில் ஏற்றினாள். பிளேயர் அதைக் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, தெரியாது என்று கைவிரித்தது. அது பிறந்த காலத்து வீடியோ முறைதான் அதற்குத் தெரியும். போனில் எடுத்தது புதிய முறை, மாற்றித்தான் ஆக வேண்டும். யூடியூபில் ஒருத்தன் கன்னடத்தில் சொன்னபடி, ஏவிஐ ஃபைலாக மாற்றி இன்னொரு டிஸ்க் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அப்பாவைத் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்துப் போட்டாள். சத்தம் வந்தது. படம் வரவில்லை, திரை கறுப்பாகவே கிடந்தது. ஃபைலின் உறைதான் மாறியிருக்கிறது, உள்ளே படம் பழையபடி போன் படமாகவே இருக்கிறது என்று ஐடாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னையே நொந்துகொண்டு நிறுத்தப் போனாள்.

"இரு," என்றார் அப்பா. "ஓடட்டும்."

அந்த வீடியோவை அவள் தினமும் ஆபீசுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலில் பார்த்தவள்தான். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று சத்தத்தை அடைத்துவிட்டு, தம்பியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போவாள். இப்போது யாரோ ஜெபம் சொல்வது கேட்டது. அதற்கும் மேலாக, போனைப் பிடித்திருந்தவனும் பக்கத்தில் நின்றவனும் கிசுகிசுப்பது டி.வி.யில் பெரிதாகக் கேட்டது.

"எவ்வளவு நேரம்ண்ணே உள்ள கிடந்தான்?"

"மத்தியானம் பள்ளத்துல எறங்கி பைப் பதிக்கிறப்ப மண்ணு சரிஞ்சது. இருட்டின பெறகுதான் எடுத்தாங்க."

"உசிரு இருந்துச்சா?"

"பைப்பத் தட்டிக்கிட்டே இருந்தான்டா. மேல நின்ன எங்களுக்கெல்லாம் கேட்டுச்சு. மெஷின் வராம யாரும் எறங்கக் கூடாதுன்னுட்டான் சூப்பர்வைசர். சாயங்காலம் சத்தம் நின்னுபோச்சு. ஹார்ட் அட்டாக்னு சொல்லச் சொல்லியிருக்கான். அவன் வீட்ல வாயத் தொறந்துடாத."

பிறகு பெட்டியின் மேல் மண் விழுந்தது.

புதைக்கச் சரி என்று சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது ஐடாவுக்கு. அப்பா கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

"சுரங்கத்துக்குள்ள மாட்டிக்கினவன் பைப்பத் தட்டுவான்," என்றார். "அந்தச் சத்தம் கேட்டா, ஷிஃப்ட் முடிஞ்சவன்கூட மேல போற கேஜுல ஏற மாட்டான். வெறுங்கையால நோண்டுவோம். டென்னிசு பொறப்படறப்ப நான்தான் சொன்னேன். எங்கனா மாட்டிக்கினா பயப்படாதடா, தட்டிக்கினே இரு, வருவாங்கன்னு."

மறுநாள் ஐடா லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். இந்தமுறை உறையை மட்டுமல்ல, உள்ளே இருந்த படத்தையே பிளேயர் படிக்கும் முறைக்கு மாற்றி எழுதினாள். போட்டதும் படம் வந்தது. பெட்டிக்குள் டென்னிஸ் கண்மூடிப் படுத்திருந்தான்.

"அப்பா, படம் வந்துடுச்சி. டென்னிஸப் பாருப்பா."

கொர்னேலியஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

"வருவாங்கன்னு சொன்னவன் நானு," என்றார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவனப் பாப்பேன்? நிறுத்திடும்மா."