ஒல்லியான ஃப்ரெடியின் கொழுப்பு

1
இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. கீழ்வீட்டு பெர்சிஸ் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அவருக்குக் கிட்னியச் சுத்திக் கொழுப்பாம் அக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

2
முதல் தொடக்கம்: 'ராயபுரத்தில் கடலின் மேல் சூரியன்...'

வேண்டாம். பெர்சிஸின் கணவன் ஃப்ரெடிக்குக் கடலைப் பார்க்க நேரமில்லை. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். கேட்டில் வரிசை நகரும்வரை சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஸ்டியரிங் முன்னால்தான். ஆள் ஒல்லி, பெல்ட்டில் தானே ஓட்டை போட்டுக்கொள்வான். இடுப்பு வலித்ததால், கல்லாக இருக்கும் என்று டோல்கேட் பக்கம் ஸ்கேன் எடுக்கப் போனார்கள்.

"கல் இல்லீங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா ரெண்டு கிட்னியச் சுத்தியும் கொழுப்பு ஜாஸ்தியா இருக்கு. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் உள்ள இப்படிச் சேரும். இதுவே நோயில்ல. ஹார்ட் பிரச்சனை வர வாய்ப்பு அதிகம்னு காட்டுற அடையாளம். பிரஷரும் ஏறியிருக்கு. ஹார்ட்டைப் பாத்துடுங்க."

வெளியே வந்ததும் ஃப்ரெடி கேட்டான்: "எனக்காமே கொழுப்பு?"

"கல்யாணம் ஆன நாளா நான் சொல்லிகினுதான கீறேன்."

இருவரும் சிரித்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறியதும் பெர்சிஸின் கை அவன் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே போய் நின்றது. இறங்கும்வரை எடுக்கவில்லை.

3
[இங்கே 'ஃப்ரெடி பயந்துபோனான்' என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது பெர்சிஸ் அந்த வரியை அடித்துவிடச் சொன்னாள். "அவரு எங்க பயந்தாரு? நான்தான் அக்கா."]

ஆகவே இது பெர்சிஸின் கதை. பகலில் அவன் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, அவன் கேட்டால் மறந்துவிட்டதாகச் சொல்கிறாள். டெஸ்ட்டுக்குப் போகலாம் என்றால் மட்டும் அவன் எழுந்துபோய்விடுகிறான்.

"ஹார்ட்ல ஏதாச்சும் கீதுன்னு சொல்லிட்டா எவன்மே வண்டி குடுப்பான்?"

"வண்டி ஓட்டச்சொல்ல உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? முன்னாடி பைக்ல போறவன் இன்னா பாவம் பண்ணான்?"

அவன் கையிலிருந்த டீ ஆறிப்போனது. பிறகு, "எப்போ போவணும்?" என்றான்.

4
இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் எல்லாம் நலம். அதை நானே நம்பவில்லை. இன்னொன்றில், எண்ணூர் சாலையில் ஃப்ரெடியின் லாரி...

"சாவடிக்கறதுக்கா உன்கிட்ட சொன்னேன்?" என்று கேட்டாள் பெர்சிஸ். கிழித்துவிட்டேன்.

இன்று காலை டெஸ்ட். சற்று முன்பு போன் வந்தது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி அவனை டிரெட்மில் மெஷின்மேல் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்களாம்.

"ஓடிகினு கீறாரு அக்கா. கால் சத்தம் கேக்குது."

எனக்கும் மெல்லக் கேட்டது. வேகம் கூடியது. அப்புறம்...

"சத்தம் நின்னுடுச்சி அக்கா. இரு."

போனை வைத்துவிட்டாள். (ஓட்டம் முடிந்தாலும் சத்தம் நிற்கும். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.) இந்த வரிவரை அவள் திரும்பக் கூப்பிடவில்லை.

என்ன முடிவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கதவு திறக்கும்போது அவனை முதலில் பார்க்க வேண்டியவள் பெர்சிஸ். நீங்களும் இல்லை, நானும் இல்லை.