காகிதக் கப்பலுக்குப் பச்சை விளக்கு

மத்தார் சைனின் மானம் நானூற்று ஐம்பது தலாசி. செரகுண்டா சந்தையில் சிவப்பு எல்.இ.டி. நூறும் பச்சை நூறும் அந்த விலைக்குத்தான் படிந்தன.

வருடக் கடைசியில் பாஞ்சுல் நகரத்தில் ஃபனால் எடுப்பார்கள். மூங்கிலும் காகிதமுமாகப் பெரிய கப்பல் கட்டி, உள்ளே விளக்கேற்றி, மேளத்தோடு வசதியானவர்கள் வாசலுக்குத் தூக்கிப் போவார்கள். வீட்டுக்காரர் மனம் குளிர்ந்தால் சங்கத்துக்குப் பணம். மத்தார் பகலில் அக்கரையிலுள்ள பார்ராவுக்குப் போகும் படகுக்குச் சுக்கான் பிடிப்பவன். தெருச் சங்கத்தின் கப்பலைக் கட்டுவது அவனுடைய பொழுதுபோக்கு, பெருமை எல்லாம். இந்த வருடக் கப்பல் துணிக்கடை ஆஜா சுகாய் பெயரில். அவள் முகம் சுளித்தால், காகிதம் வெட்டும் கத்தியும் கப்பல் கட்டும் வேலையும் மத்தாரின் சித்தப்பா மகன் பாது கைக்குப் போய்விடும் என்று சங்கம் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

கடைக்காரன் சாலியு, விளக்கின் இரண்டு கால்களுக்கு நடுவே பொத்தான் பேட்டரியைச் செருகி எரித்துக் காட்டினான்.

"அறுநூறு, கேப்டன்."

"அறுநூறா? அந்தக் காசுக்கு உன்னையும் உன் கடையையும் சேர்த்து பார்ராவுக்கு ஏத்திட்டுப் போயிடுவேன். முந்நூறு."

"முந்நூறுக்கு மெழுகுவத்தி வாங்கிக்கோ. முன்னால ஒரு கப்பல் தெருவுலயே பத்திக்கிச்சே, அது யாரு கட்டினது?"

"வாய மூடு. நானூறு."

"எல்லாமே வெள்ளையா எடுத்துக்கோ. நானூறுக்கே தர்றேன்."

சாலியுவுக்குக் கலையில் அக்கறை ஒன்றுமில்லை. வெள்ளைதான் விற்காமல் தேங்கிக் கிடந்தது.

"கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சைய்யா. ராத்திரியில அதப் பாத்துத்தான் எதிர்ல வர்றவன் ஒதுங்குவான். சுக்கான் பிடிக்கிறவன்கிட்ட வெள்ளைய விக்கப் பாக்குறியே!"

நானூற்று ஐம்பதில் பேரம் முடிந்தது.

முற்றத்தில் வெறும் மூங்கில் கூட்டில் விளக்குகளைக் கட்டி எரித்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் கண்ணைப் பறித்தன. பிறகு அவன் மனைவி ஹாடி, ஆஜாவுக்குப் பிடித்த நிறம் என்று கப்பல் முழுக்கச் சிவப்புக் காகிதம் ஒட்டினாள்.

"இன்னொரு தடவ எரிச்சுப் பாத்துடுங்களேன்."

"பேட்டரி யாரு காசு?" என்றான் மத்தார்.

ஊர்வலத்தன்று பொழுது சாய்ந்ததும் கப்பல் கிளம்பியது. இடப்பக்கம் தணல் போல ஜொலித்தது. வலப்பக்கம் ஒரே கும்மிருட்டு. பச்சை வெளிச்சம் சிவப்புக் காகிதத்தைத் தாண்டாது. மத்தாருக்கு அது அப்போதுதான் தெரிந்தது. ஆஜாவின் வீடோ தெருவுக்கு வலப்பக்கம்.

"என்னண்ணே, பாதிக் கப்பல்தான் கட்டினியா? மீதி அடுத்த வருஷமா?" என்றான் பாது.

மத்தார் ஓடிப்போய்க் கப்பலை மறித்தான். படகுத் துறையில் கத்துகிற அதே குரலில் தூக்கியவர்களைப் பார்த்துக் கத்தினான்: "திருப்புங்கடா! பின்பக்கமா விடுங்க!"

ஒளிர்ந்த பக்கம் வீட்டைப் பார்க்கும்படி, கப்பல் பின்னோக்கி நகர்ந்து ஆஜாவின் வாசலில் நின்றது.

"என்ன மத்தார், கப்பல் முதுகக் காட்டிட்டு வருது?"

"படகு சில சமயம் இப்படியும் கரை சேரும், ஆஜா."

துணியைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியவள் இல்லை அவள். நாற்காலியை விட்டு எழுந்து கப்பலைச் சுற்றி நடந்தாள். இருட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். மேளம் தானாக ஓய்ந்தது.

"இந்தப் பக்கம் எதுத்த வீட்டுக்காரிக்கா? அவகிட்டயும் வசூல் பண்ணிட்டீங்களா?"

தெருவே சிரித்தது. மத்தார் மட்டும் பேட்டரிக் கம்பியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பக்கம் சாயம் ஏறாத துணிய நான் பாதி விலைக்குத்தான் விப்பேன்," என்று ஆஜா மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினாள். "மறுபக்கமும் எரியட்டும், மீதிய வந்து வாங்கிக்க."

மறுநாள் சங்கம் கணக்குப் பார்த்தது. ஆஜா சொல்லியிருந்தது பத்தாயிரம் தலாசி. வரவு ஐயாயிரம். பாக்கி ஐயாயிரம். கத்தி பாதுவுக்கு, பாக்கியை வசூலிக்கும் பொறுப்பு மத்தாருக்கு.