சத்தம் போன கார்

"இந்த டிக் டிக் சத்தத்தை இன்னிக்கே ஒழிச்சுக் கட்டுறேன்" என்று மனைவியின் தங்கையுடைய காரில் இஞ்சினின் வால்வு மூடியைத் திறந்தார் அத்தான்.

"வால்வுக்குக் கொஞ்சம் இடைவெளி வேணும் அத்தான்" என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. திருகுகளை இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டு, மலையைப் புரட்டியவர் போல நெஞ்சை நிமிர்த்தினார்.

சத்தம் நின்றது உண்மைதான். ஆனால் இஞ்சின் சூடேறியதும் வால்வுகள் சரியாக மூடாமல், கார் முதல் மேட்டிலேயே குலுங்கி நின்றது.

"இப்ப துளிகூடச் சத்தம் இல்ல அத்தான். இறங்கித் தள்ளுங்க!"

இஞ்சின் ஆறியபின், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்து, அவளே ஒவ்வொரு வால்வுக்கும் இடைவெளி வைத்தாள்.

வீட்டில் அத்தான் அக்காவிடம், "நல்லவேளை, நான் கூடவே இருந்தேன்" என்றார்.