கசிவு இல்லை

1

இது ஒரு விளக்கக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். தொழிற்சாலை இயந்திரங்களை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருளை எப்படிப் புதுப்பிக்கிறார்கள் என்று எழுதித் தர ஒரு சஞ்சிகைக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். விவரம் கேட்கப் போனபோது சுஹைரா என்ற டெக்னீஷியன் சொன்னது கட்டுரைக்குள் அடங்கவில்லை. அதன்பிறகு தொடக்கங்களாக எழுதி அலுத்துவிட்டேன்.

திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் காலை வெயில் (வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.)

கிண்ணியாவில் பிறந்த சுஹைராவுக்குச் சிறுவயது முதலே (இதுவும் வேண்டாம். பெட்டியைத் திறப்போம்.)

2

பெட்டி ஒரு செங்கல் அளவுதான். இது ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இருக்கிறது. வெப்பமானி, அழுத்தமானி, கசிவுக் கருவி எல்லாம் தமக்குத் தெரிந்ததை அதற்குச் சொல்லும். அது யோசித்து, அமோனியா என்ற நச்சு வாயுவை அழுத்தும் கொம்பிரசரை ஓட்டும் அல்லது நிறுத்தும். அந்த யோசனைக்கும் அடியில் இருக்கும் அடிப்படை மென்பொருள்தான் ஃபேர்ம்வெயார். அது பழசாகிவிட்டால் புதிய உதிரிப்பாகங்களோடு பேசாது. புதுப்பிக்கும்போது பெட்டியின் நினைவு துடைபட்டுவிடும். ஆகவே நிரலை முதலில் பிரதி எடுத்து, பிறகு திருப்பி ஏற்ற வேண்டும். (இடையில் கரண்ட் போனால் பெட்டி வெறும் கல். இதைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல ஆசை, அடக்கிக்கொள்கிறேன்.)

3

சுஹைரா எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள். ஆனாலும் கொம்பிரசர் ஓடவில்லை. லெப்டொப் திரையில் சிவப்பு எழுத்து: அமோனியா கசிவு.

"அதுவா?" என்றான் இயந்திர அறையில் வேலை செய்யும் கஜீபன். "கச்சான் காத்து அடிச்சா அது கத்தும், மிஸ். வெளியில மீன் கழிவுத் தொட்டி. கசிவுக் கருவிக்கு ரெண்டு நாத்தமும் ஒண்டுதான். தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச எங்கட மாமிக்கு இதைவிட நல்லா மணம் தெரியும்."

"இவ்வளவு நாளும் கத்தேல்லையே?"

"ஆரோ வந்து வாயைக் கட்டிப்போட்டுப் போனவங்கள்."

(அப்படிக் கட்டலாம். கருவி என்ன சொன்னாலும் 'கசிவு இல்லை' என்றே நம்பு எனப் பெட்டிக்குக் கட்டளையிடுவது. பழுது பார்க்கும்வரை தற்காலிகமாகச் செய்வது. நினைவைத் துடைத்தபோது அந்தக் கட்டளையும் போய்விட்டது. பிரதியில் அது இருக்கவில்லை.)

"இப்ப உங்களுக்கு ஏதும் மணக்குதா?"

"இல்லை, மிஸ்."

"ஒவ்வொரு நாளும் உள்ளுக்கு நிண்டு உங்கட மூக்குச் செத்துப்போச்சு. எனக்கு மணக்குது. மீனோ அமோனியாவோ எண்டுதான் சொல்ல ஏலாம இருக்கு."

4

மனேஜர் அஷ்ரப் வந்தார். ஊர் வழக்கில் அவளுக்கு அவர் நானா, அதாவது அண்ணன்.

"என்ன புள்ள, விடிய மீன்பிடி போட்டெல்லாம் ஐஸுக்கு வந்து நிக்குமே?"

"கருவிய மாத்தணும், நானா. கொழும்பில இருந்து வரணும்."

"அதுவரைக்கும் மீனுக்கு நான் விசிறி வீசவா? முந்தி இருந்த மாதிரி ஆக்கித் தாங்க. ஒரு சொடுக்குத்தானே?"

"ஓம். ஒரு சொடுக்குத்தான்."

இந்த இடத்தில் கஜீபனுக்கு ஒரு வசனம் கொடுத்திருந்தேன்: "போடாதைங்கோ மிஸ், உள்ளுக்கு நிக்கிறது நான்." அழித்துவிட்டேன். அது நான் பேச விரும்பியது. அவன் சொன்னது இது:

"போடுங்க மிஸ். மெசின் நிண்டா எங்களை வீட்ட அனுப்பிப்போடுவினம்."

5

கடைசியில் என்ன செய்தாள் என்று சுஹைரா எனக்குச் சொல்லவில்லை. நான் எழுதிய முதல் முடிவில் அவள் சொடுக்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. அதை எழுத எனக்குச் சுலபம். 'கச்சான் அடித்தது' என்று ஒரு வரி சேர்த்தால் கருவி பொய் சொன்னதாகிவிடும். அவளிடம் அப்படி ஒரு வரி இல்லை.

இரண்டாவதில் மறுத்துவிட்டுப் போனாள். மறுநாள் வேறொருவரைக் கூப்பிட்டார்கள். அவர் சொடுக்கினார். இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது என்று நினைக்கிறேன். எழுதி முடித்தபோது களைத்துப்போனேன்.

மூன்றாவதில் அவள் லெப்டொப்பை அஷ்ரப்பின் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே அழுத்துங்க, நானா."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு இதெல்லாம் தெரியாது, புள்ள."

"தெரிய வேணாம். அம்புக்குறி 'கசிவு இல்லை'யிலதான் நிக்குது."

அவர் அழுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவளும் திருப்பி எடுக்கவில்லை.

இதைத் தாண்டி என்னால் எழுத இயலவில்லை. லெப்டொப்பை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். கஜீபன் இயந்திர அறையின் கதவைப் பிடித்தபடி கேட்கிறான்:

"சொல்லுங்கோவன். உள்ளுக்குப் போகட்டோ, வீட்ட போகட்டோ?"