கனகசபை சுற்றுலாப் பயணியான சீசன்

வெளிநாட்டுக் கப்பல்கள் வருவது நின்ற பிறகு, சங்குத்திட்டு நாட்டில் வீட்டுக்கு ஒருவர் சுற்றுலாப் பயணியாக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அந்தத் தீவில் நெல் விளையாது, ஆலை கிடையாது. வருகிறவர்களுக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்தே எல்லாரும் வயிறு வளர்த்தார்கள். வருகிறவர்கள் இல்லையென்றால், இருக்கிறவர்களில் சிலர்தான் வர வேண்டும். இதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

தவமலர் வீட்டுக்கு முறை வந்தது இரண்டாவது சீசனில்தான். அங்கே இருந்ததே இரண்டு பேர். சீட்டுக் குலுக்கியதில் அவள் புருஷன் கனகசபையின் பெயர் வந்தது. அவர் கப்பலேறினார். கப்பல் அடிவானம் வரைக்கும் போய், ஓர் இரவு அங்கே நின்று, விடிந்ததும் திரும்பி வந்தது. இறங்கினவர்கள் எல்லாரும் ஓலைத் தொப்பி போட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஊரில் ஒருவரையும் தெரியவில்லை.

தவமலர் இரண்டு அறை வைத்து விடுதி நடத்தி வந்தாள். சுற்றுலாத் துறை கனகசபையை அவளிடமே அனுப்பியது.

"ரூம் காத்தோட்டமா இருக்குமா ஓனரம்மா?"

"இருக்கும் சார்," என்றாள். சுவரை உடைத்து அந்த அறைக்கு ஜன்னல் வைத்ததே அவர்தான். ஆனால் பயணிகளிடம் கடலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மட்டும்தான் பேசலாம்.

அவளுக்குக் கவலை ஒன்றா இரண்டா. அவருக்கு வெயில் ஆகாது. பிரஷர் மாத்திரை போட வேண்டும் என்பதும் அவருக்கு இப்போது தெரியாது. தினமும் அதைப் பொடித்துப் பப்பாளிச் சாற்றில் கலந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு நன்றி சொன்னார். முதல் நாள் அப்படிச் சொன்னபோது, தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று தவமலர் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் இருந்த காலத்தில் காப்பி ஆறிப்போனால் இரண்டு நாள் முகம் கொடுக்காத மனிதர். இப்போது குழம்பைப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.

அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிடித்திருந்ததே பயமாகவும் இருந்தது. ஏனென்றால், சீசன் முடிந்ததும் திருப்தியான பயணிகள் தங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். அந்தக் கப்பல் அடிவானத்தில் நிற்பதில்லை. குறை சொன்ன பயணியை மட்டும், அந்தக் குறை தீரும்வரை ஏற்ற மாட்டார்கள். எதிர்வீட்டு ரத்தினாவதி, போன சீசனில் தன் தம்பிக்கு ராஜோபசாரம் செய்து, முழுத் திருப்தியோடு அவனை இழந்திருந்தாள்.

"என் புத்தியச் சொல்லணும் மதினி," என்றாள் ரத்தினாவதி. "இறாலாப் பொரிச்சுப் பொரிச்சுப் போட்டேன். வாயெல்லாம் பல்லா ஏறிப் போயிட்டான். நீயாவது கொஞ்சம் கேவலமா நடத்து."

தவமலர் மறுநாள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். "உங்க கடல் மாதிரியே இருக்கு," என்று கனகசபை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். மெத்தையை உருவினாள், முதுகுக்கு இதமாக இருக்கிறது என்றார். ஜன்னலுக்கு அடியில் சேவலைக் கட்டிப் போட்டாள். அது கூவியதில் எழுந்து சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, சேவலுக்கும் சேர்த்து நன்றி சொன்னார். கல்லைக் கடித்தால் பல் கூசும் என்று சண்டை பிடித்த அதே வாய், சோற்றில் கிடந்த கல்லைக் கழுவி நினைவாக வைத்துக்கொண்டது.

சீசனின் கடைசி நாள் சாயங்காலம் அவள் கொல்லையில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கனகசபை பெட்டியைக் கட்டிவிட்டு வந்து நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் எங்க ஓனரம்மா?"

"கப்பல்ல போயிருக்கார் சார்."

"எப்ப வருவார்?"

"வந்துட்டார்னுதான் சொல்றாங்க."

"இப்படித் தனியா விட்டுட்டுப் போறவன் பொறுப்பில்லாத ஆளாத்தான் இருக்கணும்."

"அப்படிச் சொல்லாதீங்க சார். பொறுப்பான ஆளுதான். வாய்தான் கொஞ்சம்."

காலையில் கப்பலடியில் சுற்றுலாத் துறை இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பயணியிடமும் குறை ஏதும் உண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை. கனகசபையின் முறை வந்தது. தவமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் கனகசபை. "விளம்பரத்துல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உபசரிப்பாங்கன்னு போட்டிருந்தது. இதோ, படம்கூட இருக்கு. பொண்டாட்டிதான் இருந்தாங்க. புருஷனை நான் கண்ணாலயே பார்க்கல."

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். கனகசபையைப் பார்த்தார். "நியாயமான குறைதான் சார்," என்று பெட்டியை இறக்கச் சொன்னார். குறை தீரட்டும் என்று கப்பலும் காத்திருந்தது.

துறை சுணங்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு புருஷனை அனுப்பி வைத்தது. பெயர் ஞானமுத்து. இஸ்திரி போட்ட சட்டையும் சொந்தத் தலையணையுமாக வந்தார். குறை இதோடு தீர்ந்துவிடும் என்று தவமலருக்குத் தெரிந்தது. இருந்தாலும் புருஷனுக்கு இலை போடாமல் இருக்க முடியுமா? போட்டாள்.

கனகசபை சாப்பிடாமல் ஞானமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

"இவர் உட்காரலாமான்னு கேட்டுட்டு உட்கார்றார். இந்த வீட்டுக்காரர் அப்படிக் கேட்க மாட்டார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"வீட்டைப் பார்த்தாலே தெரியுதே."

இன்ஸ்பெக்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். புருஷன் தரமாக இல்லை என்பது இரண்டாவது குறையாகப் பதிவாயிற்று. ஞானமுத்து தேறிவிட்டார் என்று சொன்னால் ஒழிய கனகசபை ஊரை விட்டுப் போக முடியாது. இது நாளாகிற காரியம் என்று கப்பல் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது.

அன்றைக்கே கனகசபை பாடத்தை ஆரம்பித்தார். ஈரத் துண்டை நாற்காலியில் எப்படி எறிவது, கையெட்டும் தூரத்தில் இருக்கும் தண்ணீருக்கு எங்கிருந்து குரல் கொடுப்பது என்றெல்லாம் செய்து காட்டினார். ஒவ்வொன்றையும் யோசிக்காமல் செய்தார். செய்து முடித்ததும் தவமலரிடம் மன்னிப்புக் கேட்டார். ஞானமுத்து துண்டை மடித்துக் கொடியில் போட்டார். அவருக்குக் கற்றுக்கொள்ளும் திறமை குறைவு என்று தெரிந்ததும், தவமலர் மீன் தலையை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

அடுத்த சீசனில் துறை தவமலர் வீட்டைப் பார்க்க வேண்டிய இடங்களில் சேர்த்தது. கடற்கரைக்குப் போகிற கூட்டம்கூட இங்கே திரும்பியது. தொப்பி போட்டவர்கள் காலையிலிருந்தே வேலியோரம் நின்று போட்டோ எடுத்தார்கள். பக்கத்து வீடுகளில் சர்பத் நன்றாக விற்றது. தீவின் வருமானம் ஒருவழியாக நிமிர்ந்தது.

ஒருநாள் துவைத்த துணிகளோடு தவமலர் வாசலுக்கு வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பயணி கேட்டார்.

"ரெண்டு பேர்ல யாரும்மா வீட்டுக்காரர்?"

"இன்னும் முடிவாகல சார்," என்றாள் தவமலர். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ரெண்டு பேர் சட்டையும் காயப்போடணும்."