நாலு நாலு பேராக

"எத்தனை பேர் வருவார்கள்?" என்று அதிகாரி மறுபடியும் கேட்டார்.

"தெரியாது. செத்தது எங்கப்பா. யார் யார் வருவாங்கன்னு நான் எப்படி முன்கூட்டிச் சொல்றது?" என்றாள் விக்டோரியா.

இருவரும் பர்மிய மொழியில்தான் பேசினார்கள். காலை ஒன்பது மணிக்கே வட்டார அலுவலகத்தின் தகரக் கூரை வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது. வாசல் சுவரில் முந்தின நாள் ஒட்டிய அறிவிப்பின் பசை ஓரங்களில் இன்னும் காயவில்லை. தெருவில் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது. போன மாதம் தெருவிலிருந்த கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு சீல் வைத்தது. அதற்குப் பிறகு எங்கே நாலு தலை சேர்ந்தாலும் சத்தம் எழுந்தது. அதனால் இந்த உத்தரவு.

"ஊர்வலம் என்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். வெள்ளிக்கிழமை வாருங்கள்."

"இன்னிக்குச் செவ்வாய். எங்க மதத்துல பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணணும்."

"ஐஸ் வைத்துக்கொள்ளுங்கள்."

விக்டோரியா எழுந்து போகவில்லை. அவளுக்கு வயது முப்பத்து மூன்று. டெலிபோன் நிலையத்தில் வேலை. நாட்டில் தங்கியிருக்க அவள் எழுதிப்போட்ட மனு இதே மேஜையில், இதே மனிதரின் கையெழுத்துக்காகக் கிடந்தது. அது அவருக்கும் தெரியும்.

"அஞ்சு பேர் கூடாதுன்னா, நாலு பேர் போகலாமா?"

"நாலு பேர் போகலாம். பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டாமா?"

"அதை எழுதிக் கொடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். விக்டோரியா அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவள் அப்பா எலியாஹுவின் பெற்றோர் பாக்தாதிலிருந்து வந்த யூதர்கள். அவர் ஒரு மருந்தகத்தில் கம்பவுண்டர். ஆனால் இருபத்தாறாம் தெருவில் எல்லோரும் அவரை எலியா சாயா என்றுதான் கூப்பிட்டார்கள். சாயா என்றால் பர்மியர்களுக்கு வாத்தியாரும் டாக்டரும். அவர் இரண்டும் இல்லை. தெருவில் பழகியதில் தமிழ் அவருக்கு வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. அம்மா மரியபுஷ்பம் கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய வேதத்துக்கு மாறியவள், பெயரை மட்டும் மாற்ற மாட்டேன் என்றவள். அவள் இறந்து ஒன்பது வருஷமாகிறது.

நாற்பத்தொன்றாம் வருஷம் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஊரே வடக்கு நோக்கி ஓடியது. எலியாஹு ஓடவில்லை. ஒரு தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு மூன்று நாள் தெருத் தெருவாகப் பிணம் பொறுக்கினார். இந்துவைச் சுடுகாட்டில் சேர்த்தார், முஸ்லிமைக் கபர்ஸ்தானில் சேர்த்தார், கிறிஸ்தவனுக்குப் பாதிரியாரைத் தேடிப் பிடித்தார். "சின்னப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் இங்க நடுங்குறேன், உங்களுக்கு இது தேவையா?" என்று அம்மா கத்தினாள். "உசுரோட இருக்கிறவனுக்குச் செஞ்சா என்னிக்காவது அவன் திருப்பிச் செய்வான். செத்தவன் என்னத்தைச் செய்யப்போறான்? அதனாலதான் எங்க வேதம் இதை முதல்ல செய்யச் சொல்லுது" என்றாராம்.

கடைகளுக்குச் சீல் வைத்த பிறகு அவர் தினமும் காலையில் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிடுவார். மடியில் ஒரு பலகை. நாட்டை விட்டுக் கப்பலேறப் போகிறவர்களுக்கும், போகமாட்டேன் என்பவர்களுக்கும் படிவங்களை நிரப்பித் தருவார். இங்கேயே பிறந்தவர்கள், இங்கே பிறந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்த காலம் அது. கூட்டம் சேர்க்கிறீர்கள் என்று ஒருநாள் ஒரு போலீஸ்காரர் வந்து அதட்டினார். "நான் உட்கார்ந்துதானே இருக்கேன்? நிக்கிறவங்களைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படிவத்தை வாங்கினார். நேற்றுச் சாயங்காலம் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். விடியும்போது அடங்கிவிட்டார்.

வீட்டில் அப்பாவைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். யூதர் ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் சீலாஸ் சுவரில் சாய்ந்து நின்றார். இறந்தவரைக் குளிப்பாட்டும் முறை தெரிந்தவர்களில் ஊரில் மிச்சம் அவர் ஒருவர்தான். மற்ற இருவரும் போன வருஷமே கப்பலேறிவிட்டார்கள்.

"எனக்கு எழுபத்தெட்டு வயசு. தண்ணி ஊத்துவேன். தூக்க முடியாதும்மா" என்றார்.

குடைக்கடை பீர் முகைதீன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கடையும் சீல் வைத்த கடைதான். "தண்ணி நீங்க ஊத்துங்க, தூக்கிப் புடிக்கிறது நானு" என்று சட்டைக் கையை மடித்தார். "எங்க அத்தாவ அந்த வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனது சாயாவோட கைதான், பெரியவரே. வேணாம்னு சொல்லிடாதிய."

சீலாஸ் தோளில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து பீர் முகைதீனிடம் கொடுத்தார். கதவு சாத்தப்பட்டது. விக்டோரியா வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுத் தைலம்மாள் அவள் காதோடு சொன்னாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்தா என்னடி? உன் தங்கற சீட்டு அவன் கையில கெடக்கு. வேலையும் கவர்மெண்டு வேலை. அப்பா போயிட்டாரு, நீ இருக்கணும்ல?"

"அவரு யாரையும் வெள்ளிக்கிழமை வரைக்கும் போட்டு வைக்கலையேக்கா."

தைலம்மாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்த சீலாஸின் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. விக்டோரியாவின் ரவிக்கைக் கழுத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். துக்கத்தில் உடுப்பைக் கிழிப்பது அவர்கள் முறை; மீதியை அவளே கிழித்தாள். அந்தச் சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது.

"குழிக்குப் பக்கத்துல கதீஷ் ஜெபம் சொல்லணும்" என்றார் கிழவர். "அதுக்குப் பத்து ஆம்பளைங்க வேணும், நம்ம ஆளுங்க. இன்சீன்லேர்ந்து ரெண்டு பேர் ரயில்ல வராங்க. அவங்களைச் சேர்த்தா சரியாப் பத்து. ஆனா பத்துப் பேரும் ஒண்ணா நிக்கணும். இவன் அஞ்சே கூடாதுங்கறான்."

"நடக்கிறது நாலு நாலா நடப்போம். நிக்கிறது பத்தா நிப்போம்" என்றாள் விக்டோரியா.

இரண்டு மணிக்குப் பெட்டி இறங்கியது. ஆணியில்லாத, வர்ணம் பூசாத வெறும் பலகைப் பெட்டி. பீர் முகைதீன், துறைமுகத்து அப்பாசாமி, இன்னும் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். விக்டோரியா தெருமுனையில் நின்று கையை நீட்டிப் பின்னால் வந்தவர்களை நிறுத்தினாள். பெட்டி பத்தடி போனதும் கையை எடுத்தாள். அடுத்த நாலு பேர். மறுபடி கையை நீட்டினாள். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசி வரிசையில் தானும் தைலம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் என்று நினைத்திருந்தாள். ஆனால் கடைசி வரவேயில்லை. முகல் தெருவிலிருந்து நாலு பேர். கோயில் சந்திலிருந்து நாலு பேர். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தேநீர்க்கடைப் பர்மியர்கள் நாலு பேர். பிரேசர் தெரு நெடுகச் செருப்புச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

போலீஸ் வண்டியிலிருந்து ஒருவர் குதித்து ஓடிவந்தார். விக்டோரியா காகிதத்தை விரித்துக் காட்டினாள். அவர் படித்தார். வரிசையைப் பார்த்தார். நாலு. பத்தடி. நாலு. திரும்பவும் படித்தார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டார். விக்டோரியா தைலம்மாளையும் அந்த இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு அடுத்த நாலாக நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு அதிகாரியே ஜீப்பில் வந்து இறங்கியபோது பெட்டி குழிக்குள் இறங்கியிருந்தது. மண் போட்டு முடித்திருந்தார்கள். யூத ஆண்கள் பத்துப் பேரும் ஆளுக்கொரு கல்லறைக்குப் பக்கத்தில் தள்ளித் தள்ளி நின்றார்கள். சீலாஸ் விக்டோரியாவின் முகத்தைப் பார்த்தார்.

"கிட்ட வாங்க. எல்லாரும் கிட்ட வாங்க" என்றாள் அவள்.

அவர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள்.

"இது கூட்டம்" என்றார் அதிகாரி. சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "பெயர்களை எழுத வேண்டியிருக்கும்."

விக்டோரியா அவருக்கும் அந்தப் பத்துப் பேருக்கும் நடுவில் போய் நின்றாள். "எழுதிக்குங்க. விக்டோரியா. அப்பா பேரு எலியாஹு. இருபத்தாறாம் தெரு. டெலிபோன் நிலையத்துல வேலை. மனு உங்க மேஜையில கெடக்கு."

அவர் பென்சில் ஒரு கணம் தயங்கியது. பிறகு எழுதினார்.

"பீர் முகைதீன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "குடைக்கடை. இப்பக் கடை இல்ல, வெறும் பீர் முகைதீன்னே போடுங்க."

"அப்பாசாமி. துறைமுகம்."

விக்டோரியாவை இடித்துக்கொண்டு தைலம்மாள் முன்னால் வந்தாள். "தைலம்மாள். எழுத வரலையா? வாய்ல நுழையலைன்னா மெதுவா எழுதுங்க, நான் நிக்கிறேன்."

அவளுக்குப் பின்னால் ஆட்கள் வந்து நின்றுகொண்டே இருந்தார்கள். அதிகாரி தலை குனிந்து எழுதினார். பக்கம் திருப்பினார். எழுதினார். அவர் கைக்கும் பென்சிலுக்கும் ஓய்வில்லாத அந்த நேரத்தில் சீலாஸ் கதீஷ் சொல்லத் தொடங்கினார். அந்த ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, கடவுளின் புகழ் மட்டுமே. ஒவ்வோர் இடத்திலும் பத்துக் குரல் சேர்ந்து ஆமென் சொல்லியது. மூன்றாவது ஆமெனுக்கு, அர்த்தம் தெரியாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் பலரை அடுத்த வாரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். விக்டோரியாவின் வேலை போயிற்று, மனுவும் திரும்பி வந்தது. அவள் மறுபடியும் எழுதிப்போட்டாள். அதெல்லாம் பிறகு.

அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு குழாய் இருந்தது. வெளியே போகுமுன் எல்லோரும் கை கழுவ வேண்டும், ஈரத்தைத் துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும் என்றார் சீலாஸ். விக்டோரியா கழுவிவிட்டு ஒதுங்கி நின்றாள். தைலம்மாள் பழக்கத்தில் முந்தானையை எடுத்துக்கொண்டு அவள் கையைத் துடைக்க வந்தவள், நினைவு வந்து முந்தானையை விட்டாள். இரண்டு பேரும் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.