மேசைக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள்

1

இந்தக் கதை பசியில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. ஹூஸ்டனுக்கு வந்த புதிதில், பிரிட்டிஷ் பப் என்று போர்டு போட்ட ஒரு இடத்துக்குப் போனேன். மூலையில் இடம் பிடித்து, பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனைப் போலக் காத்திருந்தேன். ஒரு ஈ வந்தது. மனிதர் யாரும் வரவில்லை. கோபித்துக்கொண்டு கிளம்பி, இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் தெருவுக்குப் போய் தோசை தின்றேன்.

அந்த மாதிரிக் கடைகளில் நாமே பார் கவுன்டருக்குப் போய் வேண்டியதைச் சொல்லி, காசையும் அங்கேயே கொடுக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. நமக்கு உட்கார்ந்தாலே கேட்டது மாதிரி. அவர்களுக்கு எழுந்து வந்தால்தான் கேட்டது மாதிரி.

இதை வைத்துச் சிரிப்பாக ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். சந்தானம், வசந்தாமணி என்று ஒரு தம்பதி கதைக்குள் வந்து உட்கார்ந்தார்கள், காரியம் கெட்டது.

2

1998, ஒரு சனிக்கிழமை மதியம், அதே பப்.

‘ஹூஸ்டன் வெயிலில் தார்ச்சாலை ஒரு’ — வேண்டாம். ஹூஸ்டன் வெயிலைப் பற்றி எழுதாதவன் யார்?

‘அவள் முகத்தில் இனம்புரியாத’ — இதுவும் வேண்டாம். இனம் எனக்குப் புரிகிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வசந்தாமணிக்கு கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் வேலை கிடைத்திருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவனின் விசாவில், வேலை பார்க்க அனுமதியில்லாமல் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் வீட்டோடு கிடந்தவள். தானாகவே தேடி, தனக்கென்று விசா வாங்கித் தரும் ஒரு கம்பெனியைப் பிடித்துவிட்டாள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். சந்தானத்தின் கிரீன் கார்டோ இங்கே அவன் கம்பெனி கையில் பாதியில் நிற்கிறது. வேலையை விட்டால் எல்லாம் முதலிலிருந்து. அவன் கூட வருவானா, அவள் தனியாகப் போவாளா என்பதுதான் கேள்வி.

“சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாங்க” என்று காரிலேயே சொல்லிவிட்டாள். காரை ஓட்டியவளும் அவள்தான். அவன் பீர் குடிப்பான்.

3

சந்தானம் முன்பு இரண்டு வருஷம் இங்கிலாந்தில், லீட்ஸில் ப்ராஜெக்ட் பார்த்தவன். (இதை நான் பிறகுதான் சேர்த்தேன். சேர்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.) ரியல் ஏல் என்றால் அவனுக்கு உயிர்.* கல்யாணமான புதிதிலிருந்து அதன் பெருமையை அவளிடம் அளந்துகொண்டிருக்கிறான்.

ஆக, கடையின் வழக்கம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் எழவில்லை.

‘சந்தானம் எழுந்து பாரை நோக்கி’ என்று ஆரம்பிப்பேன். வாக்கியம் முடிவதற்குள் உட்கார்ந்துவிடுவான். கோழை என்று எழுதினேன், அடித்தேன். சாப்பாடு வந்தால் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் பேச வேண்டும். வராத சாப்பாட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான் பாவி. எரிச்சலாக இருக்கிறது. பாவமாகவும் இருக்கிறது.

“ஆர்டர் எடுக்க ஒருத்தருமே வரக் காணமுங்க.”

“வருவாங்க. சாட்டர்டேல்ல, பிஸியா இருப்பாங்க.”

“பிஸியா? அந்தாளு சும்மா க்ளாஸத் தொடச்சுட்டு நிக்கறான். நம்ம கலரப் பாத்துட்டுத்தான் கண்டுக்க மாட்டேங்கறான்.”

 சந்தானம், ஒரு தப்பும் செய்யாத மனிதர்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

* பீப்பாய்க்குள் நம் இட்லி மாவு மாதிரி இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகப் புளித்துக்கொண்டே இருக்கும் பீர். கைப்பம்பை இழுத்து இழுத்து ஊற்றுவார்கள். ஐஸாக இருக்காது. டெக்சாஸ்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, ஃப்ரிட்ஜ் ரிப்பேரா என்று கேட்பார்கள்.

4

அப்போது ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். [ஆமாம், நான்தான் அனுப்பினேன். வேறு வழி தெரியவில்லை.] கணவர் மேசையைப் பிடித்தார். மனைவி நேராகப் பாருக்குப் போய், சொல்லி, காசு கொடுத்து, இரண்டு கிளாஸோடு திரும்பினார். அடுத்து வந்தவனும் அப்படியே செய்தான். வசந்தாமணி கவனித்துக்கொண்டே இருந்தாள்.

“ஏனுங்க, இங்க நாமளேதான் போய்ச் சொல்லோணுமா?”

சந்தானம் மேசையைப் பார்த்தான்.

“உங்களுக்குத் தெரியுமில்லீங்களா? லீட்ஸ்ல வாராவாரம் போவேன்னு சொன்னீங்களே.”

“சாப்பாடு வந்துட்டா நீ பேச ஆரம்பிச்சிருவே, வசந்தா.”

கத்துவாள் என்று எதிர்பார்த்து ஆச்சரியக்குறியெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

“நானும் இத்தன வருசமா இப்படித்தானுங்க உக்காந்திருந்தேன். உனக்கு என்ன வேணும்னு யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு.” கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கார்ச் சாவியும் அதற்குள்தான் இருந்தது. “எனக்கு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் சொல்லப் போறேன். உங்களுக்கு வேணும்னா நீங்க வந்து சொல்லுங்க.”

5

சந்தானம் பின்னாலேயே ஓடி, “கிரீன் கார்டு கெடக்குது, நானும் வர்றேன்” என்கிறான். இப்படி ஒரு முடிவு எழுதினேன். என் மனைவி படித்துவிட்டு, “எந்த ஊர்ல நடக்குது இது?” என்றாள். கிழித்துப் போட்டேன்.

அவள் தனியாகச் சாப்பிட்டு, தனியாகக் காரை எடுத்துக்கொண்டு — கை வரவில்லை. அவளுக்கு அவன்மேல் பிரியம் இருக்கிறது. சிக்கலே அதுதான்.

இப்போதைய நிலவரம் இது. வசந்தாமணி பாரில் நிற்கிறாள். பம்பின் பிடியில் கையை வைத்தபடி அந்த மனிதர், “அவருக்கு?” என்று கேட்கிறார். அவள் திரும்பிப் பார்க்கிறாள். சந்தானம் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றியிருக்கிறான். எழப்போகிறவனும் அப்படித்தான் ஊன்றுவான், எழ முடியாதவனும் அப்படித்தான்.

நீங்களும் முதல் வரியிலிருந்து உட்கார்ந்தேதான் இருக்கிறீர்கள், முடிவை நான் கொண்டுவந்து வைப்பேன் என்று. கடையின் வழக்கத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே. எழுந்து போங்கள். போகிற வழியில் அவன் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அசையமாட்டேன் என்கிறான்.